மெத்தைப் பக்கமும் தலையணைப் பக்கமும்

மதிப்புக்கும் மரியாதைக்கும் உரிய சம்பந்தி அம்மா அவர்களுக்கு,

தங்கள் மருமகளைப் பெற்றவன் பணிவுடன் எழுதிக்கொள்வது. தங்கள் முழங்கால் வலி குறைந்து மாடிப்படி ஏற முடிகிறது என்று மாப்பிள்ளை சொன்னார். மிகவும் மகிழ்ச்சி. சம்பந்தி ஐயாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லவும். முறைப்படி இதை அவருக்குத்தான் எழுதியிருக்க வேண்டும். ஆனால் எதைக் கேட்டாலும் அவர், “அவளைக் கேட்டுட்டுச் சொல்றேன்” என்பார் என்பதால் சுற்றிவளைக்காமல் நேரே தங்களுக்கே எழுதிவிட்டேன். போன வாரம் தொலைபேசியில் “எல்லாரும் நல்லா இருக்கீங்களா?” என்று தாங்கள் கேட்டபோது, நலமாக இருக்கிறோம் என்று சொன்னேன். அச்சகத்தில் மெய்ப்புத் திருத்தியே தலை நரைத்தவன் நான். அந்த வாக்கியத்தில் ஒரு பிழை இருப்பது தெரிந்தும் அதை அப்படியே விட்டுவைக்க மனம் ஒப்பவில்லை. ‘நலம்’ என்பதை அடித்துவிட்டு ‘நலமில்லை’ என்று திருத்தி வாசிக்கவும். பயப்பட வேண்டாம், யாருக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை. வீட்டுக்குத்தான் உடம்பு சரியில்லை.

என் மனைவி இருந்தவரை இந்த மாதிரிக் கடிதங்களை அவள்தான் எழுதுவாள். நான் ஒற்று விட்டுப்போன இடங்களைப் பார்த்துக் கொடுப்பதோடு சரி. சம்பந்தி வீட்டுக்கு எழுதும்போது எதை எழுதலாம், எதை எழுதாமல் விடலாம் என்பது அவளுக்குக் கைவந்த கலை. எனக்கு எழுதுவது மட்டும்தான் தெரியும், விடுவது தெரியாது. அதிலும் மாப்பிள்ளை வீட்டில் மூன்று வேளையும் சாப்பிட்டுக்கொண்டு, மாப்பிள்ளையைப் பற்றி மாப்பிள்ளையின் அம்மாவுக்கே எழுதுகிறேன். எங்கேனும் வரம்பு மீறியிருந்தால் அச்சுப்பிழை என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

என் மகள் மெத்தை கம்பெனியில் கணினிப் பிரிவின் தலைவி, தங்கள் மகன் தலையணை கம்பெனியில் அதே பிரிவின் தலைவர் என்பது தாங்கள் அறிந்ததே. பெண் பார்க்க வந்த அன்று சம்பந்தி ஐயா, “மெத்தையும் தலையணையும் சேர்ந்தாச்சு, இனிமே தூக்கத்துக்குக் குறைவில்லை” என்று சொல்லிச் சிரித்ததும், தாங்கள் அவரை ஒரு பார்வை பார்த்ததும், அவர் சிரிப்பைப் பாதியில் நிறுத்திக்கொண்டதும் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. அவர் விளையாட்டாகச் சொன்னதை இப்போது இரண்டு முதலாளிகளும் வினையாகவே செய்துவிட்டார்கள். மெத்தை வாங்குகிறவர் எப்படியும் தலையணை வாங்கத்தான் போகிறார், பிறகு எதற்கு இரண்டு கம்பெனி, இரண்டு கிடங்கு, இரண்டு லாரி என்று பேசி முடித்து, கட்டில் வடிவத்தில் ஒரு கேக் செய்யச் சொல்லி, ஒருவர் தலைமாட்டிலும் ஒருவர் கால்மாட்டிலும் வெட்டி, ஒரே கம்பெனியாகிவிட்டார்கள். படம் பத்திரிகையில்கூட வந்தது. அன்று சாயங்காலம் மகளும் மாப்பிள்ளையும், இனிமேல் ஒரே வண்டியில் போகலாம், மதியம் சேர்ந்து சாப்பிடலாம் என்று சிறு பிள்ளைகள் போலச் சந்தோஷப்பட்டார்கள். அந்தச் சந்தோஷம் மறுநாள் ஆபீஸ் திறக்கும்வரை தாங்கியது.

மறுநாள் ஓர் ஆலோசகர் வந்து இறங்கினார். கம்பெனிகள் இணையும்போது எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று சொல்வதுதான் அவர் தொழிலாம். எந்த ஆர்டர் வந்தது, கிடங்கில் என்ன இருக்கிறது, எந்த லாரி எங்கே போகிறது என்று பார்த்துக்கொள்ள மெத்தைக்காரர்களிடம் ஒரு மென்பொருள் உண்டு. அது என் மகளும் அவள் குழுவும் ஒவ்வொரு செங்கல்லாக அடுக்கிக் கட்டியது. தலையணைக்காரர்களிடம் மாப்பிள்ளையும் அவர் குழுவும் கட்டியது இன்னொன்று உண்டு. ஆலோசகர் இரண்டையும் பார்த்தார். ஒரு கம்பெனிக்கு இரண்டு மூளை ஆகாது, ஒன்று இருக்கும், ஒன்று போகும், எது போகிறதோ அதைப் பார்த்துக்கொண்டிருந்த ஆட்களும் போவார்கள் என்று சொல்லிவிட்டார். இருவரும் முதலாளிகள் முன்னால் தத்தம் மென்பொருளைப் பற்றி எடுத்துச் சொல்ல வேண்டும், முதலாளிகள் தீர்மானிப்பார்கள். அதுவரை ஒரு தரப்பின் விஷயம் மறு தரப்புக்குப் போகாதபடி நடுவில் ஒரு சுவர் இருப்பதாக நினைத்துக்கொள்ள வேண்டும். என் மகள் எழுந்து, “சார், நாங்க ரெண்டு பேரும் ஒரே வீட்டுல இருக்கோம்” என்றிருக்கிறாள். அவர் யோசித்துவிட்டு, “அப்போ சுவரை வீட்டுக்கும் எடுத்துட்டுப் போங்க” என்றாராம்.

எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்கள், சம்பந்தி அம்மா. சாப்பாட்டு மேஜை மெத்தைப் பக்கம் ஆயிற்று, பால்கனி தலையணைப் பக்கம் ஆயிற்று. மாப்பிள்ளை தண்ணீர் குடிக்க உள்ளே வந்தால் என் மகள் லேப்டாப்பைப் பட்டென்று மூடுவாள். அவள் செடிக்குத் தண்ணீர் ஊற்றப் பால்கனிக்குப் போனால் அவர் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். ஆபீஸ் போன் வந்தால் இருவருமே குளியலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டுப் பேசினார்கள். குளிக்காமலே அந்த அளவுக்குத் தண்ணீர் செலவாகும் வீடு இந்தக் குடியிருப்பில் வேறு இல்லை. ஆபீஸ் விஷயத்தைத்தானே பேசக் கூடாது என்றார்கள், மற்றதைப் பேசலாமே என்று நான் கேட்டேன். யோசித்துப் பார்த்தபோது, இந்த இருவருக்கும் ஆபீஸ் விஷயத்தை எடுத்துவிட்டால் பேசுவதற்கு அதிகம் மிஞ்சவில்லை என்று தெரிந்தது. மிஞ்சியதும் என் வழியாகத்தான் போயிற்று. “அப்பா, பால் தீர்ந்துபோச்சுன்னு தலையணைப் பக்கம் சொல்லிடுங்க” என்பாள் இவள். “மாமா, சாவி என்கிட்ட இல்லன்னு மெத்தைப் பக்கம் சொல்லிடுங்க” என்பார் அவர். நான் ஹாலுக்கும் பால்கனிக்கும் நடந்த நடையில் என் செருப்பு ஒரு பக்கமாகத் தேய்ந்துவிட்டது.

இதோடு போயிருந்தால் நானும் பொறுத்துக்கொண்டு, தங்களுக்கும் தொந்தரவு தராமல் இருந்திருப்பேன். முடிவு வரும்வரை வியாபாரம் நிற்கக் கூடாது என்று ஆலோசகர் இரண்டு மென்பொருளுக்கும் நடுவில் தற்காலிகமாக ஒரு பாலம் போடச் சொன்னார். மெத்தைப் பக்கம் வரும் ஆர்டர் தலையணைப் பக்கத்துக்கும், அங்கே வருவது இங்கேயும் போக வேண்டும். இரண்டு குழுவும் ஒருவரோடொருவர் பேசாமலே பாலத்தைப் பாதிப் பாதி கட்டியிருக்கிறார்கள். என் மகளின் மென்பொருளில் ‘எஸ்’ என்றால் சிங்கிள், அதாவது ஒருவர் படுக்கும் மெத்தை. மாப்பிள்ளையின் மென்பொருளில் ‘எஸ்’ என்றால் சாஃப்ட், அதாவது மிருதுவான தலையணை. இங்கே ‘கே’ என்றால் கிங், ராஜா கணக்கில் உருளலாம். அங்கே ‘கே’ என்றால் கிட்ஸ், குழந்தைகளுக்கானது. இதை ஒருவரையொருவர் கேட்டிருந்தால் ஒரு வாய்த் தேநீர் குடிக்கும் நேரத்தில் முடிந்திருக்கும். நடுவில் சுவர் இருக்கிறதே, எப்படிக் கேட்பது?

ஒரு பெரிய ஹோட்டல், புதுமணத் தம்பதிகள் தங்கும் அறைகளுக்கு ராஜா மெத்தை கேட்டிருந்தது. அங்கே போய் இறங்கியவை கரடிக்குட்டி படம் போட்ட குழந்தைத் தலையணைகள். ஹோட்டல் மேலாளர் போன் செய்து, தம் விருந்தினர்கள் அவ்வளவு தூரத்துக்கு இன்னும் யோசிக்கவில்லை என்று மிக மரியாதையாகச் சொன்னாராம். ஒரு முதியோர் இல்லத்தார் மிருதுவான தலையணை கேட்டிருந்தார்கள். அவர்களுக்கு லாரி நிறைய ஒற்றை மெத்தை போயிற்று. அவ்வளவு மெத்தை வந்து இறங்குவதைப் பார்த்த பெரியவர்கள், புதிதாக ஒரு பட்டாளமே சேரப் போகிறது, நம் ஜன்னலோர இடம் போய்விடும் என்று கட்டிலை விட்டு இறங்காமல் சத்தியாக்கிரகம் செய்தார்கள் என்று கேள்வி.

இவற்றிலாவது ஆர்டர் எங்கேயோ ஓரிடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. பாலத்துக்கு ஒன்றுமே புரியாத ஆர்டர்கள் என்ன ஆகும் என்று கேளுங்கள். மென்பொருளைச் சரிபார்க்கும்போது உண்மையான வாடிக்கையாளர் பெயரைப் போட முடியாதாம். அதற்காக ‘சோதனை’ என்று ஒரு பொய்ப் பெயரும் ஒரு முகவரியும் கொடுத்து வைப்பார்களாம். பாலத்துக்குப் புரியாதது எல்லாம் அந்தச் சோதனை வாடிக்கையாளர் கணக்கில் போய் விழுந்திருக்கிறது. அந்த முகவரி இந்த வீட்டு முகவரி. ஒரு நாள் காலை நான் பத்திரிகை படித்துக்கொண்டிருக்கும்போது லாரி ஓட்டுநர் ஒருவர் மேலே வந்து, வியர்வையைத் துடைத்துக்கொண்டு, “சோதனைங்கறது யாருங்க?” என்று கேட்டார். “இந்த வீட்டுல எல்லாருக்கும் அதுதாங்க” என்று வாயில் வந்ததைச் சொல்லிவிட்டேன். அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டு கீழே போய் மெத்தைகளை இறக்க ஆரம்பித்தார்.

திருப்பி எடுத்துப் போங்கள் என்றேன். திருப்பி எடுக்க ஆபீஸிலிருந்து ஓர் எண் வர வேண்டுமாம், அந்த எண்ணைக் கொடுக்கிற இடமும் இந்தப் பாலத்தில்தான் தொங்கிக்கொண்டிருக்கிறதாம். அவர் நல்ல மனிதர், என் மேல் கோபமே இல்லை, தினமும் வந்தார். ஹால் நிறைந்து, நடை நிறைந்து, மாடிப்படி வளைவும் நிறைந்தது. மேல்வீட்டுக்காரர் தன் வீட்டுக்குப் போக மூன்று மெத்தைகளைத் தாண்டித் தவழ வேண்டியிருந்தது. முதலில் சண்டைக்கு வந்தார், பிறகு தவழும்போது கொஞ்சம் படுத்துவிட்டுப் போகலானார். என் கட்டிலுக்கு மேல் வேறு இடமில்லாமல் அடுக்கியதில், படுத்தபடியே கையை நீட்டி மின்விசிறியைத் துடைக்கும் உயரத்துக்கு நான் போய்ச் சேர்ந்தேன். ஹாலின் நடுவில் மெத்தைகள் கூரைவரை நின்றன. ஆலோசகர் நினைத்துக்கொள்ளச் சொன்ன சுவர் நிஜமாகவே எழும்பிவிட்டது. இந்தப் பக்கம் மெத்தை, அந்தப் பக்கம் தலையணை, நடுவில் போய்வர நான் ஒருவன் மட்டும் உடம்பைச் சரித்துக்கொண்டு நுழைய ஒரு சந்து.

அந்த முகவரியை யார் கொடுத்தது என்று பிறகு பெரிய சண்டை. “உங்க பொண்ணு போட்டது மாமா” என்று மெத்தைக்கு அந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். “உங்க மாப்பிள்ளை போட்டதுப்பா” என்று இந்தப் பக்கத்திலிருந்து குரல் வரும். நான் அறிந்தவரை இருவருமே போட்டிருக்கிறார்கள். வெவ்வேறு ஆபீஸில் உட்கார்ந்துகொண்டு, யாருக்கும் தொந்தரவு தராத ஒரு முகவரி வேண்டும் என்று யோசித்தபோது இருவர் மனதிலும் சொந்த வீடுதான் வந்திருக்கிறது. எனக்கு அது அழகாகத்தான் தோன்றியது. அதைச் சொல்ல ஏற்ற நேரமாக அது இல்லை.

இந்த இடத்தில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அதுவரை நான் உள்ளுக்குள் என் மகள் பக்கம்தான். பெற்ற பாசம், வேறென்ன? மாப்பிள்ளை கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் என்ன என்று மனதில் பொருமியதுண்டு. ஒரு நாள் மதியம் அவள் சாப்பாட்டுத் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள். என்ன என்றேன். அவள் குழுவில் ஒரு பெண் இருக்கிறாள், அவளுடைய கணவர் விபத்தில் அடிபட்டுப் படுக்கையில் கிடக்கிறார். அந்தப் பெண் அன்று காலை வந்து, நான் வேறு இடத்தில் வேலை தேடட்டுமா அக்கா, இப்போதே சொல்லிவிடுங்கள் என்று கேட்டிருக்கிறாள். “எனக்கு ஜெயிக்கணும்னெல்லாம் இல்லப்பா” என்றாள் என் மகள். “தோத்துட்டா அவ முகத்தைப் பார்த்து என்ன சொல்றதுன்னு தெரியல. அதுக்குத்தான் இவ்வளவும்.” எழுந்து போய்க் கையைக் கழுவிக்கொண்டாள். சாப்பிடவே இல்லை, எதற்குக் கழுவினாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

நான் சந்து வழியாகப் பால்கனிக்குப் போனேன். மாப்பிள்ளை நாற்காலியில் உட்கார்ந்து வெறும் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவராகச் சொன்னார். தலையணைக் கிடங்கில் மூட்டை தூக்கி முதுகு போன ஒருவரை, வீட்டுக்கு அனுப்ப இருந்த நேரத்தில், இவர் கூட்டிவந்து கணினி முன்னால் உட்கார வைத்திருக்கிறார். எழுத்து எங்கே இருக்கிறது என்று ஒரு விரலால் தேடித் தேடிப் பழகியவர் இன்று அந்தக் குழுவுக்கே வலது கை. “அவரை உட்காருங்கன்னு சொன்னது நான்தான் மாமா” என்றார். “இப்போ எந்திரிங்கன்னு சொல்றதும் நானாத்தான் இருக்கணுமா?”

இரண்டையும் கேட்டுவிட்டு நான் என் மெத்தைக் கோபுரத்தில் ஏறிப் படுத்துக்கொண்டேன். படுத்தும் மனம் ஆறவில்லை. முதலில் மாப்பிள்ளையிடம் மட்டும், அவர் மனம் இளகட்டும் என்ற உள்நோக்கத்தோடு, அந்தப் பெண்ணின் கதையைச் சொன்னேன். சொன்னபின் என் தொழில் புத்தி உறுத்தியது. ஒருவருக்குக் கொடுத்த பிரதியை மற்றவருக்கும் கொடுக்காவிட்டால் எப்படி? மகளிடம் போய் முதுகு போனவரின் கதையைச் சொன்னேன். சுவரை மீறிவிட்டேன் என்று இருவரும் திட்டுவார்கள் என எதிர்பார்த்தேன், திட்டவில்லை. வீடு அன்று சாயங்காலம் வழக்கத்தைவிட அமைதியாக இருந்தது. எனக்கு அந்த அமைதி பிடிக்கவில்லை.

முதலாளிகள் முன்னால் பேசும் நாள் வந்தது. முதலில் தங்கள் மகனைக் கூப்பிட்டார்கள். என் மகள் வெளியே காத்திருந்தாள். உள்ளே போன மாப்பிள்ளை, தன் மென்பொருளைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை, என் மகளுடையதைப் பற்றியே பேசியிருக்கிறார். அதில் தவறு நடந்தால் உடனே சொல்லிவிடும், எங்களுடையது தவற்றை மூடி மறைத்துவிட்டு மறுநாள் சொல்லும், ஆகவே அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு வேறு கதவு வழியாக வெளியே போயிருக்கிறார். அடுத்து என் மகள் உள்ளே போனாள். அவளும் தன்னுடையதைப் பற்றி வாயே திறக்கவில்லை. தலையணைக்காரர்களுடையதைப் புதிய ஆள் ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம், எங்களுடையதைக் கற்றுக்கொள்ள ஒரு பிறவி வேண்டும், ஆகவே அதையே வைத்துக்கொள்ளுங்கள் என்றிருக்கிறாள். மெத்தை முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. இத்தனை வருஷமும் நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்று என்னிடம் சொன்னது யார் என்று அவளைக் கேட்டிருக்கிறார். ஆலோசகர் தன் லேப்டாப்பை மெதுவாக மூடினாராம். அவர் போட்டு வைத்திருந்த படங்களில் இதற்கு இடமே இல்லை.

தலையணை முதலாளி வயதானவர், அதிகம் பேசாதவர். அவர்தான் இருவரையும் ஒன்றாக உள்ளே வரச் சொன்னார். “அவங்கவங்க சரக்குல என்ன கோளாறுன்னு அவங்கவங்களுக்கே தெரியுது. அடுத்தவங்க சரக்குல இருக்கிற நல்லதும் தெரியுது. இதைவிடப் பொருத்தமா சேர்த்துக் கொடுக்க நான் யாரைத் தேடுறது?” என்றாராம். இரண்டையும் கழித்துக் கட்ட வேண்டாம், இரண்டிலும் நல்லதை எடுத்து ஒன்றாகக் கட்டட்டும், அதற்கு இரண்டு குழுவும் வேண்டும், ஒருவரையும் அனுப்ப வேண்டியதில்லை என்று முடிவாயிற்று. ஆனால் தலைமைக்கு ஒருவர்தான். அது யார் என்று கணவனும் மனைவியும் பேசி அடுத்த வாரத்துக்குள் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் ஆலோசகரே தலைமைக்கு வந்துவிடுவார்.

இதுவரை படித்ததும் தங்களுக்கு, எல்லாம் சுபமாக முடிந்ததே, இந்த மனிதர் எதற்காகக் கடிதம் எழுதுகிறார் என்று தோன்றும். அன்று எனக்கும் அப்படித்தான் தோன்றியது. அடுத்த இரண்டு நாளில் பாலத்தைச் சரிசெய்துவிட்டார்கள், அதே ஓட்டுநர் வந்து மெத்தைகளை எல்லாம் ஏற்றிக்கொண்டு போனார், ஹாலின் தரை கண்ணில் பட்டது. நடுவில் இருந்த சுவர் போனதில் ஒரே ஒரு வித்தியாசம்தான். முன்பு முகம் தெரியாமல் சண்டை போட்டார்கள், இப்போது முகம் பார்த்துப் போடுகிறார்கள். “எனக்காக யாரு உங்களை விட்டுக்கொடுக்கச் சொன்னது?” என்கிறாள் இவள். “நீ மட்டும் எதுக்கு விட்டுக்கொடுத்தே?” என்கிறார் அவர். என்னைப் பார்த்து இரக்கப்பட்டீங்களா என்று இவள் கேட்க, நீ என் சரக்கைப் புகழ்ந்தது மட்டும் இரக்கம் இல்லையா என்று அவர் கேட்க, உங்கள் தயவில் வரும் தலைமை எனக்கு வேண்டாம் என்று இவள் சொல்ல, அதே வார்த்தையை அவரும் திருப்பிச் சொல்ல, இருவருமே தலைமைப் பதவியைக் கையால்கூடத் தொட மாட்டேன் என்று ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிட்டார்கள். அடித்துக்கொள்கிறவர்களை விலக்கிவிடலாம். விட்டுக்கொடுக்கிறவர்களை எப்படி விலக்குவது என்று எனக்குத் தெரியவில்லை. நடுவில் அந்த ஆலோசகர் தினமும் போன் செய்து, முடிவாகிவிட்டதா என்று விசாரிக்கிறார். இன்னும் இல்லை என்று கேட்டதும் அவர் குரலில் ஒரு குளிர்ச்சி வருகிறது. அவர் தலைமைக்கு வந்தால் முதல் வேலையாக அந்தப் பெண்ணும் அந்த முதுகு போனவரும் வீட்டுக்குப் போவார்கள் என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் வீம்பு.

ஆகவே தங்களை மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன், இந்தக் கடிதம் கண்டதும் புறப்பட்டு வரவும். வந்து தங்கள் மகனைக் கூப்பிட்டு உட்கார வைத்து, தலைமையை ஏற்றுக்கொள் என்று ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். ஏன் என் மகளிடம் நானே சொல்லக் கூடாது என்று தாங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. மாப்பிள்ளை தங்கள் வளர்ப்பு, சொன்னால் கேட்பார். அவள் என் வளர்ப்பு, அதனால் கேட்க மாட்டாள். குழந்தையாக இருக்கும்போதே மருந்து குடி என்றால் ஏன் என்று கேட்டு, நான் விளக்கம் சொல்லி முடிப்பதற்குள் காய்ச்சலே தானாக விட்டுவிடும். மாப்பிள்ளை தலைவராகட்டும், எனக்கு மனப்பூர்வமான சம்மதம். இந்த வரியை மட்டும் இரண்டு முறை அடித்துத் திரும்ப எழுதினேன். ஆனால் எழுத்து தெளிவாகவே இருக்கிறது, பார்த்துக்கொள்ளவும்.

தாங்கள் வரும் வண்டி எது என்று முன்னதாகத் தெரிவித்தால் நானே நிலையத்துக்கு வந்து நிற்பேன். தங்களுக்கு என் அறையை ஒழித்துக் கொடுத்து நான் ஹாலில் படுத்துக்கொள்வேன். சம்பந்தி ஐயாவையும் அழைத்து வரவும், அவர் ஒன்றும் சொல்ல வேண்டியதில்லை, உடன் இருந்தாலே போதும். இரு குடும்பமும் மனம் கோணாமல், குழந்தைகள் ஒருவர் முகம் பார்த்து ஒருவர் சிரிக்கும்படி வாழத் தங்கள் வாக்கும் ஆசியும் துணை நிற்க வேண்டும்.

தங்கள் வரவை வாசலிலேயே நின்று எதிர்பார்க்கும்,
தங்கள் மருமகளின் அப்பா.

பின்குறிப்பு: கடிதத்தை மடித்து உறையில் போட்டு, ஒட்டுவதற்குப் பசை தேடிக்கொண்டிருந்தபோது தங்கள் தொலைபேசி வந்தது. தாங்கள் என்ன பேசினீர்கள் என்பது தங்களுக்கே தெரியும். ஆனாலும் இரு பக்கமும் ஒரே பிரதி இருக்க வேண்டும் என்பதால் நான் கேட்டதை எழுதிவிடுகிறேன். என் மகள் போனைச் சத்தமாக வைத்தாள். தாங்கள், “தலைமையை நீ ஏத்துக்கம்மா. என் பையன் நல்லா வேலை செய்வான், ஆனா யாராவது சொல்லணும். இத்தனை வருஷம் நான் சொன்னேன். எனக்கும் வயசாகுது” என்றீர்கள். ஏன் என்று கேட்காமல், விளக்கம் கேட்காமல், என் மகள், “சரி அத்தை” என்றாள். அந்தச் சொல் அவளுக்குத் தெரியும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். மாப்பிள்ளை, தலையிலிருந்து மூட்டையை இறக்கி வைத்தவர் போல ஒரு பெருமூச்சு விட்டு, எல்லாருக்கும் தேநீர் போட உள்ளே போனார். ஆலோசகருக்கு உடனே செய்தி அனுப்பிவிட்டார்கள். அவர் வாழ்த்துச் சொல்லவில்லை.

பிறகு விசாரித்ததில், துணி உலர்த்தப் போகிறேன் என்று சொல்லி என் மகள் தினமும் மொட்டை மாடிக்குப் போனது தங்களோடு பேசத்தான் என்று தெரியவந்தது. கரடிக்குட்டியும் முதியோர் இல்லமும் நான் கோபுரத்தில் படுத்திருந்ததும் ஒன்றுவிடாமல் அன்றன்றைக்கே தங்களுக்குத் தெரிந்திருக்கிறது. போன வாரம் தாங்கள் நலம் விசாரித்து, நான் நலம் என்று சொன்னபோது, எல்லாம் தெரிந்துகொண்டே “சந்தோஷம்” என்றீர்கள். ஆகவே மேற்கண்ட கடிதத்தில் தங்களுக்குப் புதிய செய்தி ஒன்றுமில்லை, கடைசியில் நான் கேட்ட உதவியும் தலைகீழாக முடிந்துவிட்டது. முழுவதையும் ஒரு கோடு போட்டு அடித்துவிடவும். இப்போது இருவரும் சாப்பாட்டு மேஜையில் ஒட்டி உட்கார்ந்து, ஒரே லேப்டாப்பைப் பார்த்து, ‘எஸ்’, ‘கே’ என்று அப்போதிலிருந்து ஓயாமல் பேசிக்கொண்டிருக்கிறார்கள். பால் தீர்ந்ததைக்கூட நேரே சொல்லிக்கொள்கிறார்கள். நான் இங்கே இருக்கிறேனா என்பதே அவர்களுக்கு நினைவில்லை. எனவே தாங்கள் புறப்பட்டு வர வேண்டாம். நான் புறப்பட்டு அங்கே வரலாமா என்று, சம்பந்தி ஐயாவைக் கேட்காமல், தாங்களே தெரிவிக்கவும்.